அண்ணையின் துவக்கும் என் குண்டச்சும்

என் அலுமாரியின் கீழ்த்தட்டில், பழைய தலையணை உறைக்குள் சுற்றியபடி ஒரு குண்டச்சு கிடக்கிறது. பார்க்கக் குறடு மாதிரி இருக்கும். இரண்டு கைப்பிடிகள், நுனியில் இரண்டு இரும்புத் துண்டுகள், ஒவ்வொன்றிலும் ஒரு அரைக்குழி. கைப்பிடியை இறுக்கினால் இரண்டு அரைக்குழியும் சேர்ந்து முழுக்குழியாகும். மேலே இருக்கிற சின்னத் துவாரத்தால் உருகிய ஈயத்தை ஊற்றி, ஆறவிட்டுத் திறந்தால் உருண்டையாக ஒரு துவக்குக் குண்டு விழும். வீட்டுக்கு வருகிறவர்கள் அதைக் கண்டால் பாக்குவெட்டியா என்று கேட்பார்கள். ஓம் என்று சொல்லிவிடுவேன். விளக்கம் சொல்ல வெளிக்கிட்டால், தனிய இருக்கிற பொம்பிளையின் அலுமாரிக்குள் குண்டச்சுக்கு என்ன வேலை என்ற அடுத்த கேள்வி வரும்.

அப்பாவின் துவக்கு அண்ணைக்குப் போனது. அதன் அச்சு எனக்கு வந்தது. இது மறதியில் நடந்த காரியம் அல்ல. திருகோணமலையிலிருந்து கொட்டியாரக் குடாவுக்கு அந்தப் பக்கம், கட்டைபறிச்சானைச் சுற்றியிருந்த வயற்காரர் சிலரிடம் அப்படி ஒரு வழக்கம் இருந்தது. பிள்ளைகளுக்குப் பங்கு பிரிக்கும்போது, வயலைப் பார்க்கிற பிள்ளைக்குத் துவக்கைக் கொடுப்பார்கள். வேறு ஊருக்குப் போகிற பிள்ளைக்கு அச்சைக் கொடுப்பார்கள். துவக்கு வைத்திருக்கிறவனுக்குக் குண்டு வேண்டும், குண்டு வேண்டுமென்றால் அச்சு இருக்கிற வீட்டுக்கு வரத்தான் வேண்டும். கூடப்பிறந்ததுகள் கோபித்துக்கொண்டு ஆளையாள் பாராமல் இருந்துவிடக் கூடாது என்று யாரோ ஒரு கெட்டிக்காரன் கண்டுபிடித்த வழி. பண்டி, அதாவது காட்டுப்பன்றி, வயலுக்குள் இறங்கிவிட்டால் எந்த ரோசக்காரனும் படலையைத் திறந்துகொண்டு வருவான்.

அதற்கு வேறு அச்சு வாங்கலாமே என்று பட்டணத்து ஆட்கள் கேட்பார்கள். வாங்கலாம்தான். ஆனால் எங்கள் பக்கத்துத் துவக்குகள் தோட்டா போடுகிற துவக்குகள் இல்லை. இடியன் என்று சொல்லுவோம். குழலின் வாயால் வெடிமருந்தைக் கொட்டி, குண்டைச் சின்னச் சீலைத் துண்டொன்றில் பொதிந்து, இரும்புக் கம்பியால் அடிவரை இடித்து இறக்க வேண்டும். ஒரு கொல்லன் செய்த குழல் இன்னொரு கொல்லன் செய்த குழல் மாதிரி இராது. ஒரே கொல்லன் செய்த இரண்டு குழல்களும் ஒன்றுபோல இரா. ஆகையால் ஒவ்வொரு குழலுக்கும் அதற்கென்றே ஒரு அச்சு வெட்டுவார்கள்.

குண்டு, குழலின் துவாரத்தைவிடச் சீலைத் தடிப்பு அளவுக்குச் சிறிதாக இருக்க வேண்டும். அவ்வளவுதான் கணக்கு. குண்டு அதைவிடச் சிறுத்தால் துவக்கைச் சரித்ததும் உருண்டு வெளியே வந்துவிடும். வராமல் நின்றாலும் வெடியின் வேகமெல்லாம் பக்கத்தால் ஒழுகிப் போய், குண்டு பண்டியின் முதுகைச் சும்மா தடவிவிட்டு விழும். பெருத்தால் வாயிலேயே நிற்கும். பலவந்தமாக அடித்து இறக்கினால் பாதிக்குழலில் இறுகிவிடும். மருந்து அடியில் கிடக்க, குண்டு நடுவில் கிடக்க, இடையில் வெறும் இடம் கிடக்க வெடி வைத்தால் குழலே பிளந்து போகும். அப்படி விரல்கள் போன மனிதர் ஒருவர் எங்கள் கோயில் வீதியில் கடலை விற்றார். அப்பா கடலை வாங்கித் தரும்போதெல்லாம் அவருடைய கையைப் பார்க்கச் சொல்லுவார். எனக்குக் கடலையின் ருசியே போய்விடும்.

நான் கலியாணம் முடித்துத் திருகோணமலைப் பட்டணத்துக்கு வந்தேன். என் புருசனுக்கு டொக்யாட்டில், கப்பல் திருத்துகிற இடத்தில், வேலை. உள்துறைமுகத்தைப் பார்த்த ஒழுங்கை ஒன்றில் சின்னக் கல்வீடு. வெள்ளைக்காரனின் கப்பல்கள் போன பிறகு துறைமுகம் பாதி வெறுமையாகிவிட்டது. அதே காலத்தில் அவரும் காய்ச்சலில் படுத்து, ஆஸ்பத்திரிக்குப் போய், திரும்பி வரவில்லை. எங்களுக்குப் பிள்ளைகளும் இல்லை. அதனால் அந்த இரண்டு வெறுமையையும் என்னால் பிரித்துச் சொல்ல ஏலாது. துறைமுகத்தைப் பார்த்தால் இவருடைய நினைவு வரும், இவரை நினைத்தால் கப்பல் இல்லாத தண்ணீர் கண்ணுக்குள் வரும்.

சடங்கெல்லாம் முடிந்த பிறகு அண்ணை மட்டும் போகாமல் நின்றார். விறாந்தையில் என் தையல் மெசினுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு கேட்டார்.

"இஞ்சை தனிய இருந்து என்ன செய்யப் போறாய்? எங்களோட வா, பிள்ளை."

"உங்கட வீட்டு மூலையில இருந்து, பிறக்கப்போற பிள்ளையளுக்கு மூக்குத் துடைக்க நான் வரேல்லை."

"அப்ப இடைக்கிடை வந்து பாத்திட்டுப் போறன்."

"இரக்கப்பட்டு ஒருத்தரும் இந்தப் படலையைத் திறக்க வேண்டாம், அண்ணை. அலுவல் இருந்தா வாங்கோ. அலுவல் இல்லாட்டி வர வேண்டாம்."

நான் அப்படித்தான். இப்போதும் அதைப் பிழை என்று சொல்லமாட்டேன். புருசன் செத்த பொம்பிளையைப் பார்க்க வருகிறவர்களுக்கென்று ஒரு முகம் இருக்கிறது. தலையை ஒரு பக்கம் சரித்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு வருவார்கள். சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டுக் குசினிப் பக்கம் எட்டிப் பார்ப்பார்கள். அந்த முகத்தை அண்ணையிடமும் பார்க்க எனக்கு மனமில்லை.

படலை வரை போன அண்ணை திரும்பி, "மார்கழியில குண்டுக்கு வருவன். அது அலுவல்தானே?" என்றார்.

"அது அலுவல்," என்றேன்.

அப்படித்தான் அது தொடங்கியது. ஒவ்வொரு மார்கழியிலும், வயலில் கதிர் தள்ளி, பண்டிகள் மோப்பம் பிடிக்கத் தொடங்கும் காலத்தில், அண்ணை மூதூரிலிருந்து காலை மோட்டார்ப் படகில், நாங்கள் லோஞ்சு என்போம், குடாவைக் கடந்து வருவார். பின்னேர லோஞ்சில் திரும்பிப் போவார். துவக்கைக் கொண்டு வரமாட்டார். துறைமுகப் பட்டணத்துக்குள் துவக்கோடு இறங்கினால் நூறு பேருக்குப் பதில் சொல்ல வேண்டும். கையில் ஒரு தயிர்ச்சட்டியும் பன்புல்லில் இழைத்த பையொன்றும் மட்டும் இருக்கும். போகும்போது அந்தப் பன் பை குண்டுகளால் பாரமாகிவிடும்.

அந்த ஒரு நாளுக்காக நான் வருடம் முழுவதும் ஈயம் சேர்த்தேன். முதலில் என் புருசன் வைத்துவிட்டுப் போன ஈயக்குழாய்த் துண்டுகள் இருந்தன. டொக்யாட்டில் கழிவு ஏலம் போட்டபோது எதற்கென்று தெரியாமலே வாங்கி வந்து வீட்டுப் பின்பக்கக் கோடிக்குள் போட்டிருந்தார். அவை முடிந்த பிறகு, பழைய இரும்புக் கடை வைத்திருந்த கிண்ணியாக்காரர் ஒருவரிடம் வாங்கினேன். அந்தப் பக்கத்து முஸ்லிம்கள் அண்ணனை நானா என்பார்கள், நானும் அவரை அப்படியே கூப்பிடுவேன். பிளவுஸ் தைக்கச் சீலை வாங்கப் போகிற வழியில் அவர் கடை. பற்றரித் தகடு, கிழிந்த வலையின் ஈயமணி, உடைந்த குழாய் என்று ஏதாவது வந்தால் எனக்கென்று ஒரு பக்கமாக எடுத்து வைப்பார். "தங்கச்சிக்கு வலைத்தொழிலோ?" என்று கேட்டுச் சிரிப்பார். நானும் ஓம் என்று சொல்லிச் சிரிப்பேன். சில வாரங்களில் நான் வாய்விட்டுச் சிரித்தது அந்தக் கடை வாசலில் மட்டும்தான்.

எனக்கு ஆட்கள் வராமல் இல்லை. பிளவுஸ் தைக்க வருவார்கள், பள்ளிக்கூடச் சட்டை தைக்க வருவார்கள். கையைத் தூக்கி, மூச்சைப் பிடித்து, அளவு கொடுப்பார்கள். ஆனால் எல்லோரும் விறாந்தையோடு சரி. என் குசினி வரை வந்து இருந்த ஆள் அண்ணை ஒருவர்தான். வந்ததும் முன்னறையில் இருக்கிற கதிரையைத் தானே தூக்கிக்கொண்டு வந்து, அடுப்புக்கு எதிரே பின்கதவோரம் போட்டுக்கொள்வார். வருடத்தில் மிச்ச நாளெல்லாம் அந்தக் கதிரையில் தைத்து முடித்த சட்டைகள்தான் இருக்கும்.

சிரட்டைக்கரி நன்றாகச் சிவந்த பிறகு இரும்புச் சட்டியில் ஈயத்தைப் போடுவேன். உருகி வரும்போது மேலே கறுப்பாக ஆடை கட்டும். கொஞ்சம் மெழுகுதிரித் துண்டைப் போட்டுக் கிண்டினால் அழுக்கெல்லாம் மேலே வந்துவிடும், கரண்டியால் வழித்து எறிந்துவிடலாம். அச்சின் குழிகளை மண்ணெண்ணெய் விளக்குப் புகையில் பிடித்துக் கரி ஏற்ற வேண்டும், இல்லாவிட்டால் ஈயம் ஒட்டும். முதல் வார்க்கிற குண்டுகள் சுருங்கிப்போய், கிழங்குத் தோல் மாதிரி வரும். அச்சு இன்னும் சூடேறவில்லை என்று அர்த்தம். அவற்றைத் திரும்பச் சட்டிக்குள் போட்டுவிடுவேன். அச்சு சூடேறிய பிறகு ஒவ்வொன்றாக மினுமினுவென்று விழும். பழைய சாக்கை மடித்துக் கீழே போட்டிருப்பேன். துவாரத்தில் மிஞ்சி நீட்டிக்கொண்டு நிற்கிற ஈய வாலைக் குறட்டால் நறுக்கி, பீங்கான் தட்டில் உருட்டிப் பார்ப்பேன். நொண்டி நொண்டி உருண்டால் அதுவும் திரும்பச் சட்டிக்குள்தான்.

"அதுக்கென்ன, நல்லாத்தானே கிடக்கு," என்பார் அண்ணை.

"பண்டிக்கு நல்லாக் கிடந்தாச் சரியே? எனக்கு நல்லாக் கிடக்க வேணும்."

சீலைத் துண்டுகளும் நானே வெட்டிக் கொடுப்பேன். தையல்காரியிடம் வெட்டுத்துண்டுக்கா பஞ்சம். வட்டமாக, எல்லாம் ஒரே அளவில். குண்டும் குழலும் மாறுவதில்லை என்றபடியால் சீலையின் தடிப்பில்தான் இறுக்கம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஒரு வருடம் மெல்லிய பொப்ளின் துண்டு கொடுத்தேன். அடுத்த முறை வந்தபோது, எப்படிப் போனது என்று கேட்டேன்.

"அந்தமாதிரிப் போச்சு." பிரமாதமாகப் போனது என்று அர்த்தம்.

அந்த வருடம் சோதித்துப் பார்க்கவென்றே பள்ளிக்கூடக் காற்சட்டை தைக்கிற காக்கித் துணியில், பொப்ளினைவிட மூன்று மடங்கு தடிப்பாக வெட்டிக் கொடுத்தேன். அடுத்த மார்கழியில் கேட்டபோதும், "அந்தமாதிரிப் போச்சு," என்றார். பொப்ளினுக்கும் காக்கிக்கும் வித்தியாசம் தெரியாத மனிதன் எப்படித்தான் பண்டி சுடுகிறாரோ என்று நினைத்துக்கொண்டேன். அதைச் சொல்லியும் சிரித்தேன். அண்ணையும் சிரித்தார்.

நாங்கள் பெரிதாக ஒன்றும் கதைத்தது இல்லை. மழை, நெல், வீட்டில் பிள்ளைகளுக்குச் சுகமா என்ற கேள்வி. எப்படி இருக்கிறாய் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. என்னுடைய உத்தரவு அது. மத்தியானம் இருவரும் சாப்பிடுவோம். குண்டுகளைப் பையில் போட்டுக் கட்டிக்கொண்டு படலையைச் சாத்திவிட்டுப் போவார். கதிரை அடுப்படியிலேயே கிடக்கும். அதை முன்னறைக்குக் கொண்டுபோக எனக்கு ஒரு கிழமை செல்லும். போகும்போதும் வரும்போதும் காலில் இடிபட்டுக்கொண்டு திரிவேன்.

பிறகு ஒரு மார்கழியில் அண்ணை வரவில்லை. கடல் கொந்தளிப்பில் லோஞ்சு ஓடவில்லையாக்கும் என்று நினைத்தேன். இறங்குதுறைக்குப் போய்ப் பார்த்தேன். லோஞ்சு ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆட்கள் கோழியும் மூட்டையுமாக இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஈயம் சட்டிக்குள் கிடந்தது. சீலைத் துண்டுகள் வெட்டி அடுக்கியபடி இருந்தன. தைப்பொங்கலும் வந்து போனது. நான் ஒரு பிடி அரிசி போட்டுப் பொங்கி, காகத்துக்கு வைத்துவிட்டு, மிச்சத்தை இரண்டு நாள் சாப்பிட்டேன்.

வேறு அச்சு வாங்கிவிட்டார் என்றுதான் முதலில் நினைத்தேன். சொன்னால் சிரிப்பாக இருக்கும், எனக்குப் பொறாமை வந்தது. யாரோ ஒரு கொல்லன் வெட்டிய இரும்புத் துண்டின்மேல் பொறாமை. பிறகு பயம் வந்தது. நோய் வருத்தமா, வேறு ஏதாவதா. அலுவல் இல்லாவிட்டால் வரவேண்டாம் என்று சொன்னவள், சுகம் விசாரிக்க மட்டும் எப்படிப் போவது? கடைசியில் நானே தனிய இருந்து குண்டுகளை வார்த்தேன். கதிரையை அடுப்புக்கு எதிரே கொண்டுவந்து போட்டுவிட்டுத்தான் வார்த்தேன். ஏனென்று கேட்டால் எனக்குத் தெரியாது. மறுநாள் காலை குண்டுப் பையைத் தூக்கிக்கொண்டு லோஞ்சில் ஏறினேன். இப்போது எனக்கும் ஒரு அலுவல் இருந்தது.

மூதூரில் இறங்கி, வண்டில் ஒன்றில் தொத்திக்கொண்டு கட்டைபறிச்சானுக்குப் போய்ச் சேர மத்தியானமாகிவிட்டது. அண்ணையின் வீட்டு வாசலில் ஏதோ தோரணம் மாதிரிக் கட்டியிருந்தது. கிட்டப் போய்ப் பார்த்தேன். வட்ட வட்டச் சீலைத் துண்டுகளை நூலில் கோத்துக் கட்டியிருந்தார்கள். பொப்ளின், காக்கி, இடையிடையே பள்ளிக்கூட வெள்ளை. என் கத்தரி வெட்டு எனக்குத் தெரியாதா? அண்ணையின் சின்ன மகளின் வேலையாக இருக்கும், தகப்பனிடமிருந்து களவெடுத்து விளையாடியிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

மச்சாள், அதாவது அண்ணையின் மனைவி, என்னைக் கண்டதும் கைகளைச் சீலையில் துடைத்தபடி ஓடிவந்தாள். அண்ணைக்கு மண்வெட்டி காலில் பட்டுப் புண்ணாகி, சீழ் பிடித்து, காய்ச்சலும் வந்து, இப்போதுதான் ஆறிக்கொண்டு வருகிறது என்றாள். மருந்து கட்ட மூதூர் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். உயிருக்கு ஒன்றுமில்லை என்று கேட்டதும் நான் வாசற்படியில் இருந்துவிட்டேன்.

"ஏன் மச்சாள் இந்தப் பாரத்தைத் தூக்கிக்கொண்டு வந்தனீங்கள்?" என்று மச்சாள் பையை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் குண்டுகளைச் சட்டியில் கொட்டுகிற சத்தம் கேட்டது. நான் எழும்பிப் போய்ப் பார்த்தேன். குசினி மூலையில் பழைய இரும்புச் சட்டி ஒன்று. அதற்குள் வலை ஈயமும் வேறு துண்டு துருவல்களும். அவற்றின்மேல் நான் ஒவ்வொன்றாக உருட்டிப் பார்த்து எடுத்த குண்டுகள்.

"இதுக்குள்ள ஏன் கொட்டுறீங்கள்?"

"இவர் வந்து உருக்குவார்தானே."

"வார்த்த குண்டை ஏன் உருக்க வேணும்?"

மச்சாள் என்னைப் பார்த்தாள். கள்ளமில்லாத பொம்பிளை. "உங்களுக்குத் தெரியாதே? பழைய குழல் வெடிச்சுப்போச்செல்லே. மூத்தவள் பிறந்த வருசம். மூதூர்க் கொல்லன் வேற குழல் போட்டுத் தந்தவர். இது ஒடுங்கின குழல், மச்சாள். உங்கட குண்டு இதுக்குள்ள இறங்காது."

மூத்தவள் அப்போது கிணற்றடியில் சட்டி கழுவிக்கொண்டிருந்தாள். தாவணி போடுகிற வயது.

துவக்கு அறை மூலையில் சாத்தியபடி நின்றது. அதற்கு மேலே ஆணியில் ஒரு அச்சுத் தொங்கியது. புது அச்சில்லை. கைப்பிடியில் சுற்றிய துணி கருகிப்போய், குழிகளில் கரி ஏறி, நன்றாகப் புழங்கிய அச்சு. கொல்லன் புதுக்குழலுக்குள் மெழுகை இறக்கி அளவெடுத்து வெட்டிக் கொடுத்தானாம். நான் சட்டியிலிருந்து ஒரு குண்டை எடுத்தேன். துவக்கின் வாயில் வைத்தேன். சீலைகூட வைக்கவில்லை. குண்டு அப்படியே மேலே இருந்தது. பெருவிரலால் அமத்தினேன். இறங்கவில்லை.

கொஞ்ச நேரம் எனக்குக் கோபம்தான் வந்தது. என்னை ஒரு விசரி மாதிரி அடுப்படியில் இருத்தி வைத்து வேடிக்கை பார்த்திருக்கிறாரே என்று முகம் சுட்டது. பிறகு அந்தப் பயணங்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. மார்கழிக் கடல். நனைந்த சேர்ட்டு. மடியில் சிந்தாமல் பிடித்துக்கொண்டு வந்த தயிர்ச்சட்டி. இறங்காத குண்டுக்காக இந்த மனிதன் வருடா வருடம் குடாவைக் கடந்து வந்திருக்கிறார். என் குசினியில் ஒரு நாள் முழுக்க இருந்துவிட்டு, அந்தப் பாரத்தைச் சுமந்துகொண்டு போய், வீட்டில் அத்தனையையும் திரும்ப உருக்கியிருக்கிறார். எனக்கு அழுகை வந்துவிட்டது. மச்சாளுக்கு முன்னால் அழ விருப்பமில்லாமல், முகம் கழுவப் போகிறேன் என்று சொல்லிக் கிணற்றடிக்குப் போனேன்.

திரும்பி வந்து, "மச்சாள், எனக்குத் தெரியுமெண்டு அவருக்குச் சொல்லாதேங்கோ," என்றேன்.

"அவரும் உங்களுக்குச் சொல்ல வேண்டாமெண்டுதான் சொன்னவர். நான்தான் மறந்துபோனன்." அவளுக்கு முகம் வாடிவிட்டது. அவளுடைய கையைப் பிடித்தேன். அவளைத் தொட்டுக் கதைத்தது அதுதான் முதல் தடவை.

அண்ணை வண்டிலில் வந்து இறங்கினார். காலில் பெரிய கட்டு. மெலிந்துபோயிருந்தார். என்னைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டார்.

"நீயே? ஆர் கூட்டிக்கொண்டு வந்தது?"

"ஆரும் கூட்டிக்கொண்டு வரேல்லை. அலுவலா வந்தனான். குண்டு கொண்டு வந்தனான்."

"நல்ல காரியம் செய்தாய். ஒரு குண்டும் இல்லாமல் இருந்தனான். பண்டியள் வந்து வயலை நாசமாக்குதுகள்."

பக்கத்தில் நின்ற மச்சாள் முற்றத்துக் கோழியைப் பார்க்கத் தொடங்கினாள்.

"இந்த முறை சீலை தடிப்பு, அண்ணை. பாத்து இடியுங்கோ."

"ஓம், ஓம். இறுக்கமா இறங்கினாத்தானே தூரம் போகும்."

கண்ணைச் சிமிட்டாமல் சொன்னார். எங்கள் குடும்பத்தில் பொய் சொல்லத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

நிற்கச் சொன்னார்கள். தைக்கக் கிடக்கிறது என்று சொல்லிப் பின்னேர லோஞ்சைப் பிடித்தேன். குடாவின் நடுவில் லோஞ்சு ஆடிக்கொண்டிருக்கும்போது யோசித்தேன். தெரிந்துவிட்டது என்று சொன்னால் அண்ணைக்கு இந்த அலைச்சல் மிச்சம். ஆனால் சொல்லிவிட்டால் அலுவல் போய்விடும். அலுவல் இல்லாமல் வரவேண்டாம் என்று சொன்னதும் நான். வாங்கோ என்று கூப்பிட எனக்கு வாய் வராது. கூப்பிடாமல் வர அவருக்குக் கால் வராது. மிச்சமிருந்தது அளவு பிழைத்த ஒரு அச்சு மட்டும்தான். அதை நான் விடத் தயாராக இல்லை. பட்டணத்தில் இறங்கும்போது, வாயைத் திறப்பதில்லை என்று முடிவு எடுத்திருந்தேன்.

அடுத்த மார்கழியில் அண்ணை கொஞ்சம் நொண்டிக்கொண்டு வந்தார். கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்து போட்டார். நான் ஈயத்தை உருக்கினேன். நொண்டி நொண்டி உருண்ட குண்டுகளை முன்னைப் போலவே திரும்பச் சட்டிக்குள் போட்டேன். முன்னைவிடக் கூடவே போட்டேன் என்று சொல்ல வேண்டும். ஒரு குண்டு திரும்பச் சட்டிக்குள் போனால் அண்ணை இன்னும் கொஞ்ச நேரம் இருப்பார். இப்படியே பல மார்கழிகள் போயின. இருவருக்கும் தலை நரைத்தது.

பிறகு நாட்டில் குழப்பம் வந்தது. ஊர்களில் இருக்கிற துவக்குகளை எல்லாம் பொலிசில் ஒப்படைக்கச் சொல்லி அறிவித்தார்கள். நானாவின் கடை வாசலில் ஆட்கள் கூடி நின்று அதைத்தான் கதைத்தார்கள். கட்டைபறிச்சான் பக்கத்து இடியன்கள் எல்லாவற்றையும் கட்டாகக் கட்டி வண்டிலில் ஏற்றிப் போய்விட்டார்களாம். நானா எனக்கென்று எடுத்து வைத்திருந்த ஈயத்தை நீட்டினார். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

வீட்டுக்கு வந்து அச்சை எடுத்துத் துடைத்து, எண்ணெய் பூசி, பழைய தலையணை உறைக்குள் சுற்றி அலுமாரியின் கீழ்த்தட்டில் வைத்தேன். துவக்கும் போய்விட்டது. இனி எந்தப் பொய்யைச் சொல்லிக்கொண்டும் ஒருவர் வர ஏலாது. அந்த ஐப்பசியும் கார்த்திகையும் போனது போல எனக்கு எந்தக் காலமும் நீளமாகப் போனதில்லை. மெசினை நிறுத்தினால் வீட்டுக்குள் ஒரு சத்தமும் இல்லை. அதற்குப் பயந்தே அவசரமில்லாத சட்டைகளையும் அவசரமாகத் தைத்தேன்.

மார்கழி பிறந்தது. மழை பெய்துகொண்டிருந்த ஒரு காலையில் படலைச் சத்தம் கேட்டது. பிளவுஸ் வாங்க வந்த ஆள் என்று நினைத்துக்கொண்டு போனேன். அண்ணை நின்றார். முழுக்க நனைந்திருந்தார். ஒரு கையில் தயிர்ச்சட்டி, மற்றக் கையில் அந்தப் பன் பை.

உள்ளே வந்தார். முன்னறைக் கதிரையில் கிடந்த சட்டைகளை எடுத்துக் கட்டிலில் வைத்துவிட்டு, கதிரையைத் தூக்கிக்கொண்டு குசினிக்குப் போனார். அடுப்புக்கு எதிரே போட்டு இருந்துகொண்டு, என் முகத்தைப் பாராமல் கேட்டார்.

"ஈயம் இருக்கே, பிள்ளை?"

துவக்கு எங்கே என்று நான் கேட்கவில்லை. "இருக்கு," என்றேன்.

அலுமாரியைத் திறந்து அச்சை எடுத்து வந்தேன். விளக்குப் புகையில் பிடித்தேன். அண்ணை பின்கதவால் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கரி சிவந்து, ஈயம் உருகி, முதல் குண்டுகள் சுருங்கி விழுந்தன. திரும்பச் சட்டிக்குள் போட்டேன்.

"எத்தினை வேணும், அண்ணை?"

மற்ற வருடங்களில், போன முறை மாதிரி என்பார். இந்த முறை குனிந்து அடுப்புக் கரியைக் கிளறிவிட்டார்.

"உனக்கு ஏலுமான மட்டும் வார், பிள்ளை. லோஞ்சுக்கு இன்னும் நேரம் கிடக்கு."

நான் அடுப்புக்குள் இன்னும் நாலு சிரட்டையைப் போட்டேன்.